பண்ணைக்காரர்கள் கொடுத்த செத்த ரப்பர்

எனக்குத் தஞ்சாவூரைப் பார்க்கும் ஆசை எதுவும் இருந்ததில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்பதைத் தவிர அந்தச் சீமையோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூர்வீகம் தேடிப் போகிறவர்கள் போகட்டும். நான் போனது கோபத்தில்.

மலேசியாவின் கிழக்குக் கரையில், தீவுகளுக்குப் படகு ஏறும் ஒரு சிற்றூரில், முக்குளிப்பவர்கள் போடும் ரப்பர் உடுப்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வெட்சூட் என்பார்கள். நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும். கிழிந்தால் ஒட்டுவேன், தையல் விட்டால் தைப்பேன். இரண்டுக்கும் லாயக்கில்லை என்றால் உள்பக்க முதுகில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். அதற்கு ஒரே அர்த்தம்தான்: குப்பை.

ஒரு மதியம் தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு.

“பரமேஸ்வரி அக்காங்களா? என் பேரு முருகையன். பேராவூரணிப் பக்கம், கடற்கரை ஓரம். சட்டைக் காலர்ல இந்த நம்பரு தச்சிருந்துச்சு, அதான் போட்டேன். ரப்பர் சட்டை கக்கத்துல கிழிஞ்சிபோச்சு. எத வச்சு ஒட்டுறதுன்னு கேக்கலாம்னுதான்.”

படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். காலரில் என் கடைச் சீட்டு. முதுகில் என் கையால் போட்ட சிவப்புக் குறி.

“அந்த எக்ஸு, சைஸுன்னு சொன்னாங்கக்கா. நாப்பது சட்டையிலயும் அதான் போட்டிருக்கு. எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் அவ்ளோ பெரிய ஒடம்பு கெடையாது” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கவே கூடாது என்றேன்.

“அப்படிங்களா. ஏற்கெனவே எங்க மச்சான் ஒருத்தன் போயிட்டுத் திரும்பி வந்தான்.”

“எங்கே போய்விட்டு?”

“சாவுக்குத்தாங்கக்கா.”

அந்த உடுப்புகளை எனக்குப் பழுது பார்க்கக் கொடுத்த முக்குளிப்புக் கடை முதலாளியிடம் நேராகப் போனேன். கழித்தவற்றை வெட்டிப் புதைத்துவிடுவதாக வருஷக்கணக்காக என்னிடம் சொல்லிவந்தவர் அவர். மலாயில் அவர் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: “ஏஜெண்ட் ஒருவன் வந்து கேட்டான், கொடுத்தேன். ஏழைகள் போட்டுக்கொள்ளட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்?”

இரண்டு வாரம் கழித்துத் திருச்சியில் இறங்கினேன். பையில் வளைந்த ஊசிகள், மெழுகு நூல், புது நியோப்ரீன் தாளில் ஒரு சுருள். பசை டப்பாக்களை எங்கள் ஊர் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். தீப்பிடிக்கும் சாமான், அது அவர்கள் கடமை. அதில் எனக்குக் கோபமில்லை.

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் சொல்லியிருக்கலாம். “பஸ் ஸ்டாண்டு” என்றேன், ஏற்றிக்கொண்டார், தப்பான ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார், நான் பட்டுக்கோட்டை வண்டி எங்கே என்று கேட்டதும் அதே ஆட்டோவில் மறுபடி ஏறச் சொன்னார். பெட்டியோடு நடுச்சாலையில் நின்று ஒரு பாட்டம் திட்டினேன். “மலேசியாங்களாம்மா? அங்கயும் இப்பிடித்தான் திட்டுவாங்களா?” என்று கேட்டார் மனிதர், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு.

சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். எங்கள் ஊரில் வாழையிலைச் சாப்பாடு என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆடம்பரம். இங்கே லாரி ஓட்டுநர்கள் இலையைத் துடைத்து எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். போதும் என்று கை நீட்டி மறித்த பிறகும் பரிமாறுகிறவர் சோற்றைக் கொட்டினார். ரசம் மட்டும் நான் பிறந்ததிலிருந்து குடித்த எதையும்விட நன்றாக இருந்தது. பெரிய கோயில் பார்க்கவில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள். பேருந்து ஜன்னலில் கோபுரம் தெரிந்தது, பார்த்தேன்.

மறுநாள் அதிராம்பட்டினத்தில் செருப்புத் தைக்கும் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். செருப்புப் பசையும் நியோப்ரீன் பசையும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். கடைக்கார ரஹ்மத்துல்லா பாய் இளமையில் பினாங்கில் வேலை பார்த்தவராம். என்னிடம் மலாய் பேசிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இறால் வைத்துப் பொரித்த வாடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். பசை எதற்கு என்று கேட்டவரிடம் கதையைச் சொன்னேன்.

“அந்த இறால் பண்ணைக்காரங்க குடுத்ததா?” என்றார். முகம் மாறிவிட்டது. “பாத்துப் போங்கம்மா. அவங்க சும்மா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு பக்கம் தென்னை. மறுபக்கம் அறுவடைக்கு நிற்கும் சம்பா நெல். நெல்லுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல், கரை கட்டிய சதுரக் குளங்கள். அவற்றில் காற்றாடிபோல் சுழன்று தண்ணீரைக் கலக்கும் இயந்திரங்கள். குளத்தை ஒட்டிய வயல்களில் மட்டும் பயிர் மஞ்சளாகக் குட்டையாக நின்றது. பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர்களில் எல்லாக் கட்சித் தலைவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நின்றது. முன்னால் சாலையில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாலை மறியல். “இனிமே ரெண்டு மணி நேரம்” என்று சொல்லிவிட்டு நடத்துநர் இறங்கி டீக்கடைக்குப் போனார். நானும் போய்ப் பருப்பு வடையும் டீயும் வாங்கிக்கொண்டு, யார் இவர்கள் என்று கேட்டேன். டீக்கடைக்காரர் ஊர்ப் பேரைச் சொன்னார். நான் போகவேண்டிய ஊர்.

முருகையனைத் தேட வேண்டியிருக்கவில்லை, வாட்ஸ்அப் படத்தில் பார்த்த முகம். தார்ச் சாலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்தவரைப் பக்கத்திலிருந்த பெண் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “நீ எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க. அக்கா, நீங்க இப்பிடி வந்து ஒக்காருங்க.” அவர் முருகையனின் மனைவி செல்வராணி. நான் போய் உட்கார்ந்தேன். தார் சுட்டது.

சாலையிலேயே கதை முழுவதும் கேட்டேன். இவர்கள் கடல் சனம் இல்லை. வயல் வேலை செய்கிறவர்கள். கடைமடையில், அதாவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், ஒரு மிராசுதாரின் நிலத்தை இருபது குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்திருக்கின்றன. மிராசுதாரின் வாரிசுகள் பட்டணத்தில் இருந்தபடியே நிலத்தை ஓர் இறால் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பாதி நிலத்தில் குளம் வெட்டியாகிவிட்டது. மீதிப் பாதியில், குத்தகைப் பதிவு எங்களிடம் இருக்கிறது, வெளியேற மாட்டோம் என்று இவர்கள் நிற்கிறார்கள். குளத்து உப்பு அந்தப் பாதியையும் தின்றுகொண்டிருக்கிறது.

“மாற்றுத் தொழில் தர்றோம்னு ஊர்க்கூட்டம் போட்டாங்கக்கா” என்றார் முருகையன். “ஆத்துலயும் கொளத்துலயும் முங்கி வெரால் குத்துன ஆளுங்கதானே, அதையே கடல்ல போய்க் குத்துங்க, நல்ல வெலைக்கு நாங்களே மீனை எடுத்துக்கிறோம்னாங்க. ஆளுக்கொரு ஈட்டித் துப்பாக்கி, ரப்பர் சட்டை, ஈய பெல்ட்டு. மேடை போட்டு, மைக் வச்சு, பொன்னாடை போத்திக் குடுத்தாங்க.”

குப்பையைப் பொன்னாடையோடு கொடுத்திருக்கிறார்கள்! பேருந்தின் நிழலில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். சாயங்காலம் போலீஸ் வந்தது. இரண்டு நாள் கழித்துத் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று உறுதி சொன்னதும் எல்லோரும் எழுந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் உடுப்புகளைப் பார்த்தேன். பண்ணையின் முள்கம்பி வேலியில், கொளுத்தும் வெயிலில், வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாற்பது தலையில்லாத ஆட்கள் தொங்குவதுபோல் இருந்தது. வெயிலில் காயப்போடக் கூடாது, நல்ல தண்ணீரில் அலச வேண்டும், மடிக்கக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நல்ல தண்ணீருக்குச் செல்வராணி இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்.

ஒவ்வொன்றாக இறக்கிப் பாயில் போட்டேன். முழங்கால்களில் மேல்துணி தேய்ந்து ரப்பர் வெளியே தெரிந்தது. மடித்த இடங்களில் கோடு விழுந்து, அந்தக் கோட்டிலேயே வெடித்திருந்தது. படகு டீசல் பட்ட இடம் கொழகொழத்தது. வெயில் பட்ட தோள் விறைத்து, வளைத்தால் பொரிந்தது. கக்கத்தில் பசை விட்டு விரல் நுழைந்தது. எங்கள் ஊரில் சுற்றுலாப் பயணிகள் பல வருஷம் போட்டு உழைத்த உடுப்புகள். நான் கழித்தபோதே இவற்றுக்கு உயிர் இல்லை.

கிழிசலைக்கூட மன்னிக்கலாம். உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நியோப்ரீன் என்பது ரப்பருக்குள் கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகள். அவைதான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றும், அவைதான் ஆளை மிதக்கவைக்கும். ஆழத்துக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் அவற்றை நசுக்குகிறது. ஒவ்வொரு தடவையும் சில குமிழிகள் செத்துப்போகின்றன. வருஷங்கள் போனால் பஞ்சுபோல் இருந்த ரப்பர் சப்பாத்திபோல் ஆகிவிடும். என் புதுத் தாளைச் செல்வராணியிடம் கொடுத்துக் கிள்ளச் சொன்னேன். உடனே எழும்பியது. பழைய உடுப்பைக் கிள்ளினார். பள்ளம் அப்படியே நின்றது.

“செத்த ஆளு ஒடம்புல வெரல வச்சாப்புல இருக்கு” என்று கையை எடுத்துக்கொண்டார்.

“ஈயம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எட்டுக் கிலோ. சீட்டுலயே போட்டிருக்கே” என்று முருகையன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். புது உடுப்பு ஆளை மேலே தூக்கும். அதை அமிழ்த்தத்தான் ஈயம். செத்த உடுப்பு தூக்காது. அதோடு எட்டுக் கிலோவைக் கட்டினால் ஆள் கல்லாகக் கீழே போவான். கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது புது உடுப்புக்கான கணக்கு.

இளங்கோ அதைத்தான் அனுபவித்திருந்தார். செல்வராணியின் தம்பி. குடிசை வாசலில் பனைநார்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; வலது காது கேட்காது என்பதால் இடது பக்கம் வரச் சொன்னார்.

“நாலு பாகத் தண்ணி” என்றார். நாலு ஆள் கைவிரித்த நீளம். “பாறைக்கடியில ஒரு களவா மீனு. குத்திட்டேன். மேல வரலாம்னு காலை ஒதைக்கிறேன், ஒதைக்கிறேன், போகல. கீழேர்ந்து யாரோ இழுக்கிற மாதிரி. பெல்ட்ட அவுக்கலாம்னா கொக்கி ஒடைஞ்சுதுன்னு கயித்தால கட்டியிருந்தேன். அப்புறம் எங்க மாமா மொகந்தான் ஞாபகம்.”

முருகையன் கீழே போய்க் கயிற்றை அறுத்து இழுத்து வந்திருக்கிறார். அதற்குள் தண்ணீர் அழுத்தத்தில் காது ஜவ்வு கிழிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, குடித்துவிட்டு இறங்கியதால் வந்தது என்று எழுதிக்கொண்டு போனார்களாம்.

“நான் குடிக்கிறதே இல்லக்கா” என்றார் இளங்கோ. எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ, குரலில் ஒரு களைப்பு.

என்னால் உட்கார முடியவில்லை. கம்பெனி மேல் கோபம், ஏஜெண்ட் மேல் கோபம், முதலாளி மேல் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில், வெட்டிவிட்டார்களா என்று ஒரு நாளும் போய்ப் பார்க்காத என் மேலும். வாங்கிவந்த பசை டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் செல்வராணியும் நானும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தோம். பிறகு செல்வராணி தனியாக அதை நான்கு தடவை செய்து பார்த்தார்.

நாலாம் நாள் தாலுகா ஆபீஸ். மேசைக்கு அந்தப் பக்கம் தாசில்தார், ஐம்பதை நெருங்கும் அம்மாள். இந்தப் பக்கம் இவர்கள் ஐந்து பேரும் நானும். எதிரே கம்பெனி மேலாளர், வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கரை என்ன நிறம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்சி மாறினால் அதுவும் மாறும் என்று ஊரில் சொன்னார்கள்.

நான் வாயைத் திறந்ததும் அவர் முந்திக்கொண்டார். “மேடம், இவங்க மலேசியா பாஸ்போர்ட்டு. டூரிஸ்ட் விசாவுல வந்துட்டு ரோட்டுல மறியல் பண்றாங்க. போட்டோ இருக்கு. இவங்கள எப்படி உள்ள விட்டீங்க?”

தாசில்தார் என்னைப் பார்த்தார். “அம்மா, நீங்க வெளிய இருங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது.” முப்பது வருஷத் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது.

மேலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். “குத்தகை உரிமை, குத்தகை உரிமைன்னு பேசுறாங்களே. இதைப் படிங்க மேடம். மாற்றுத் தொழிலுக்காகப் புத்தம்புது உபகரணம் வாங்கிக்கிட்டோம், இனி சாகுபடி உரிமை எதுவும் கோர மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.”

முருகையனின் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடையில் நின்ற நாளை நினைத்துப் பார்ப்பது தெரிந்தது.

“சட்டை வாங்குனதுக்குத்தானே கையெழுத்துன்னீங்க?” என்றார். “மடிச்சு வச்சு அடியில மட்டும் காட்டுனீங்களே அய்யா!”

“படிச்சுப் பாத்துப் போட வேண்டியதுதானே?”

செல்வராணி எழுந்தார். “மேடம், ஒரு வாளித் தண்ணி வேணும்.”

பியூன் வாளி கொண்டுவந்தார். செல்வராணி பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார். ஒன்று என் புதுத் தாளில் வெட்டியது. மற்றொன்று பழைய உடுப்பில் வெட்டியது. இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே எடை இரும்பு நட்டுகளைக் கட்டியிருந்தோம்.

“இது புதுசு” என்று ஒன்றைப் போட்டார். மிதந்தது. “இது இவங்க குடுத்தது.” போட்டார். நேராக அடிக்குப் போய் டங்கென்று உட்கார்ந்தது. “எந்தம்பியும் இப்பிடித்தான் மேடம் போனான். புத்தம்புதுசுன்னு எழுதியிருக்கே, அது இதுதான். இதுக்குத்தான் எங்க நெலத்த எழுதிக் குடுத்தோமாம்.”

தாசில்தார் எழுந்து வந்து வாளிக்குள் பார்த்தார். கையை விட்டு அந்தத் துண்டை எடுத்து, நட்டுகளைக் கையால் நிறுத்துப் பார்த்து, இரண்டையும் மாற்றிக் கட்டி மறுபடி போட்டார். மறுபடியும் பழையதே அமிழ்ந்தது. “இதை எங்க வாங்குனீங்க? பில் இருக்கா?” என்று மேலாளரைக் கேட்டார். மேலாளர் போனை எடுத்து யாரையோ அழைக்கப் பார்த்தார். “நான் உங்களத்தான் கேக்குறேன்” என்றார் அந்த அம்மாள்.

பில் இல்லை. அந்தச் சம்மதக் கடிதத்தை ஏற்க முடியாது, விசாரணை முடியும்வரை மீதி நிலத்தில் மண்வெட்டி படக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வெட்டிய குளங்கள் அப்படியேதான் இருக்கும். இளங்கோவின் காதைப் பற்றி, அது போலீஸ் விவகாரம் என்றார். பாதி நியாயம். வெளியே வந்து செல்வராணி வாங்கிக்கொடுத்த கரும்புச் சாற்றை எரிச்சலோடு குடித்தேன். அவர்கள் ஐந்து பேரும் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள்.

மேலாளர் படியிறங்கி வந்தார். “சரிம்மா, ஒப்பந்தமே இல்லேன்னு ஆயிடுச்சு. அப்ப சாமானையும் வச்சிக்க முடியாது. நாளைக்கு வண்டி வரும், நாப்பது சட்டையும் ஏத்தி விட்டுருங்க. பக்கத்து ஊர்ல கேட்டுக்கிட்டிருக்காங்க.”

பக்கத்து ஊர்! அந்த ஊருக்கும் மைக் வைப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், மடித்த காகிதத்தின் அடியைக் காட்டுவார்கள். கொடுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள் என்றேன் செல்வராணியிடம்.

“வச்சிக்கிட்டா வாங்கிக்கிட்டதா ஆயிடுமேக்கா” என்றார். அது சரிதான். எனக்கு அது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் குட்டியானை வண்டி வந்து வேலியோரம் நின்றது. மேலாளரும் வந்திருந்தார், கையில் பட்டியலோடு. இயந்திரம் இறங்காத சேற்று வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே கரையேறி வந்தார்கள். முழங்கால்வரை சேறு, கையில் கருக்கரிவாள். செல்வராணி எல்லா உடுப்புகளையும் இறக்கிப் பாயில் அடுக்கிவிட்டு என்னிடம் கேட்டார்.

“எங்க வெட்டுனா ஒட்டவே முடியாதுக்கா?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. ஓர் உடுப்பை எடுத்து விரித்துக் காட்டினேன். முதுகின் நடுவே கழுத்திலிருந்து இடுப்புவரை. பிறகு இரண்டு தோளும், குறுக்காக. கால் கவட்டில் ஒன்று. அதற்கு மேல் உலகத்தில் எந்தப் பசையும் அதைச் சேர்க்காது.

வேலை செய்துகொண்டிருந்த அரிவாள்கள், நல்ல கூர். நெல்லை அறுக்கும் அதே இழுப்பில் இழுத்தார்கள். ரப்பர் சத்தமில்லாமல் பிளந்தது. மேலாளர் கத்தினார், படம் எடுத்தார், போலீஸ் என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நானும் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த என் கத்தரியால் ஆறு உடுப்புகளை வெட்டினேன்.

முடிந்ததும் செல்வராணி எல்லாவற்றையும் கை நிறைய அள்ளி வண்டியில் போட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலாளரின் பட்டியலைக் காட்டினார்.

“நாப்பதும் இருக்கு. எண்ணிப் பாத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நல்லா படிச்சுப் பாத்தே போடுங்க.”